ஓர் அடி அகலம் போதும், தம்பி

என் தம்பி போன தை மாதம் சென்னை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் ஊரான ஸ்ரீமுஷ்ணத்துக்கே குடிவந்துவிட்டான். பீரோ, கட்டில், பாத்திர மூட்டை எல்லாவற்றையும் ஆட்கள் இறக்கினார்கள். மூன்று அட்டைப் பெட்டிகளை மட்டும் யாரையும் தொடவிடாமல் அவனே நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தான். உள்ளே பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்த மாடல் ரயில். இரண்டு எஞ்சின், ஒன்பது பயணிகள் பெட்டி, எட்டு குட்டி வேகன், ஒரு கட்டுத் தண்டவாளம். வாடகை வீடு மாறி மாறி ஒரு நாள்கூட அதை முழுதாக விரித்து ஓட்டியதில்லை.

"இப்ப சொந்த வீடு ஆச்சேக்கா, இதுக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கிடலாம்" என்றான். அவன் மனைவி பதில் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த வீட்டில் இருப்பது இரண்டே அறை. ஒன்றில் அம்மா. இன்னொன்றில் இவர்கள் இருவரும், அடுத்த வருஷம் பத்தாவது எழுதப்போகிற பெண்ணும். ரூம் கிடைக்காது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் ரயில் ஓட வேண்டும், அதிலும் எனக்குச் சந்தேகமில்லை. சின்ன வயதில் அப்பா எங்கள் இருவரையும் விருத்தாசலம் ஜங்ஷனுக்குக் கூட்டிப்போய் நிறுத்திவைப்பார். வடக்கே விழுப்புரம், தெற்கே அரியலூர் வழியாகத் திருச்சி, கிழக்கே நெய்வேலி, வடலூர் வழியாகக் கடலூர், மேற்கே சின்னசேலம், ஆத்தூர் வழியாகச் சேலம் என்று நாலு திக்கிலும் தண்டவாளம் பிரிகிற இடம் அது. அப்போது எல்லாம் மீட்டர் கேஜ். ஸ்ரீமுஷ்ணத்துக்கு ரயில் கிடையாது என்பதால் அந்தப் புகையும் சத்தமும் எங்களுக்குத் திருவிழா மாதிரி. அந்த ஆசை அவனுக்கு நாற்பத்திரண்டு வயதிலும் அப்படியே இருக்கிறது.

அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெட்டிக்குள் ரயிலைப் பூட்டி வைத்துக்கொண்டு "பெரிய வீடு வரட்டும்" என்று காத்திருக்கிற மற்றத் தம்பி தங்கைகளும் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோலமாவு

ப்ளைவுட் கடைக்குப் போகாதே. அம்மாவிடம் ஒரு டம்ளர் கோலமாவு கேட்டு வாங்கு. தண்டவாளம் விரிக்கிற லேஅவுட் எங்கே வரவேண்டும் என்று நினைக்கிறாயோ அங்கே, உண்மையான அளவில், தரையில் கட்டம் போடு. ஒரு வாரம் அதைத் திருத்தாதே, பெருக்கவும் வேண்டாம். யார் எங்கே மிதித்து அழிக்கிறார்கள் என்று மட்டும் பார்.

என் தம்பி கூடத்தின் நடுவே எட்டுக்கு நாலு அடி போட்டான். முழு ப்ளைவுட் ஷீட் அளவு அது. முதல் நாளே அம்மா பூஜை முடித்து வரும்போது ஒரு மூலை போயிற்று. மறுநாள் கேஸ் சிலிண்டர் உருண்டு போனது அதன் மேல்தான். மூன்றாம் நாள் பீரோக் கதவைத் திறக்க ஆள் கட்டத்துக்குள் நிற்க வேண்டியிருந்தது. நாலாம் நாள் இரவு விருந்தாளிகளுக்குப் பாய் விரித்தோம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கூடம் முழுக்க வெள்ளைத் தீற்றல். ஒரு இடத்தில் மட்டும் தீற்றலே இல்லை, யார் காலும் படவில்லை. வடக்குச் சுவரை ஒட்டி, ரேழிக் கதவிலிருந்து ஜன்னல் வரை, பதின்மூன்று அடி நீளம், ஓர் அடி அகலம்.

வீடு அவனுக்குக் கொடுத்த இடம் அதுதான். சண்டை இல்லாமல், யாரிடமும் கெஞ்சாமல் கிடைத்தது. எல்லா வீட்டிலும் இப்படி ஒரு கீற்று இருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது, மாவு போட்டால் தெரியும்.

தரையில் கிடைத்ததும் சுவரையும் பார். அதே கீற்றுக்கு நேர் மேலே, நீ பலகை வைக்க நினைக்கிற உயரத்தில், செய்தித்தாளை ஓர் அடி அகலத்துக்கு மடித்து அட்டையோடு சேர்த்து ஒட்டி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வை. தோளில் இடிக்கிறதா, ஜன்னல் கதவு திறக்கிறதா, ஸ்விட்ச் போர்டு மறைகிறதா என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும். நின்று பார்க்க மூன்றரை அடியிலிருந்து நாலடி உயரம் நன்றாக இருக்கும். ரயில் கண்மட்டத்துக்குக் கிட்டே ஓடினால்தான் பொம்மையாகத் தெரியாமல் வண்டியாகத் தெரியும். சின்னக் குழந்தைகளும் சேர்ந்து ஓட்டுவதானால் இரண்டரை அடிக்கு இறக்கு.

கை எட்டும் தூரத்தை மறந்துவிடாதே. ஒரு பக்கம் மட்டும் நின்று வேலை செய்தால் ஏறக்குறைய இரண்டரை அடிக்கு மேல் கை சுகமாகப் போகாது. நாலடி அகலப் பலகையைச் சுவரோடு ஒட்டிப் போட்டவர்கள் அத்தனை பேரும் தடம் புரண்ட பெட்டியை எடுக்க ஸ்டூல் மேல் ஏறி வயிற்றால் சாய்ந்தவர்கள்தான். அப்போது நசுங்குவது முன்னால் இருக்கிற சிக்னலும் மரமும்.

கணக்கைப் போட்டுவிடு

தம்பிக்கு விருத்தாசலம் ஜங்ஷனையே செய்ய ஆசை. பேப்பரில் கணக்கு போட்டுக் காட்டினேன்.

இந்தியாவில் அதிகம் பேர் வைத்திருப்பது எச்.ஓ. ஸ்கேல். நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அடுத்தது 'என்' (N) ஸ்கேல், 160-ல் ஒரு பங்கு. நம்ம பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி 21 மீட்டரும் கொஞ்சமும் நீளம். எச்.ஓ.வில் அது 24.5 செ.மீ., என் ஸ்கேலில் 13.3 செ.மீ. இப்போது 24 பெட்டி எக்ஸ்பிரஸ் நிற்கிற ஒரு பிளாட்பாரத்தை எடுத்துக்கொள். நிஜத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல். எச்.ஓ.வில் அது 20 அடி, என் ஸ்கேலில் 11 அடி. பிளாட்பாரம் மட்டும்தான் இது. அதற்கு இரண்டு பக்கமும் வண்டியைப் பாதை மாற்றிவிடுகிற பாயிண்ட்கள், யார்டு, நாலு பக்கம் பிரிகிற லைன் எல்லாம் சேர்த்தால் நம்ம தெருவே போதாது.

ஆகையால் ஜங்ஷனை விட்டுவிடு. வடலூர், குறிஞ்சிப்பாடி, ஊத்தங்கால் மங்கலம் மாதிரி நடுவில் இருக்கிற சின்ன ஸ்டேஷன் ஒன்றை மனதில் வை. ஒரு மெயின் லைன், ஒரு லூப் லைன், ஒரு சைடிங், ஓட்டுக் கூரை போட்ட கட்டடம், ஒரு வேப்பமரம். மூன்று பெட்டி பாசஞ்சர் வந்து நின்றால் அது முழுமையாகத் தெரியும். பெரிய ஜங்ஷனைச் சுருக்கினால் பார்ப்பவர் கண்ணுக்கு எங்கேயோ குறை இருப்பதுபோல் படும். சின்ன ஸ்டேஷனைச் சுருக்கத் தேவையே இல்லை.

வளைவுதான் இடத்தை அதிகம் தின்னும். மாடல் ரயில்காரர்கள் சொல்கிற ஒரு கைக்கணக்கு உண்டு. உன்னிடம் இருக்கிற நீளமான பெட்டியின் நீளத்தைப் போல் இரண்டரை மடங்காவது வளைவின் ஆரம் இருக்க வேண்டும், இருந்தால் பெட்டி நம்பகமாகத் திரும்பும். ஐ.சி.எஃப். பெட்டிக்கு எச்.ஓ.வில் அது 61 செ.மீ. முழுதாக ஒரு சுற்று திரும்ப அதைப் போல் இரண்டு பங்கும், ஓரத்துக்கு நாலு விரலும் வேண்டும். நாலரை அடி அகலமாகிவிடும். என் ஸ்கேலில் இரண்டரை அடியில் முடிந்துவிடும். கடையில் கிடைக்கிற ரெடிமேட் வளைவுகள் இதைவிட இறுக்கமானவை. ஹார்ன்பியின் இரண்டாம் வளைவு 438 மி.மீ. ஆரம், ஜப்பான்காரர்களின் கேட்டோவில் என் ஸ்கேலுக்கு 282 மி.மீ. வளைவு உண்டு. குட்டி வேகன்களுக்கு அது தாராளம். நீளப் பெட்டி அதில் ஓடினாலும் வயிறு வெளியே பிதுங்கி நிற்கும்.

இன்னும் ஒன்றும் வாங்கவில்லை, இடமும் ரொம்பக் குறைவு, ஆனால் ரயில் சுற்றிச் சுற்றி வர வேண்டும் என்கிறாயா? யோசிக்காமல் என் ஸ்கேலுக்குப் போ. ஜப்பானில் அதுதான் பெருவழக்கு, வீடு சின்னது என்பதும் அதற்கு ஒரு காரணம். என் ஸ்கேல் மனிதன் ஒரு நெல்மணியை விடச் சற்றே உயரம், அவ்வளவுதான். ஏற்கெனவே எச்.ஓ. வைத்திருப்பவன் அதை விற்கவேண்டாம். சுற்றுப் பாதை ஆசையை விட்டுவிட்டு இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிற நேர் பாதை போடு. நிஜ ரயில் ஒன்றும் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதில்லையே.

மீட்டர் கேஜ் நினைவு விடவில்லை என்றால் ஒரு நல்ல செய்தி. அகலப் பாதை 1676 மி.மீ. எச்.ஓ.வில் அது 19 மி.மீ.க்கு மேல் வரவேண்டும். விற்கிற தண்டவாளமோ 16.5 மி.மீ. அதனால் நம்ம பிராட் கேஜ் மாடல்கள் எல்லாமே கொஞ்சம் ஒடுங்கின பாதையில்தான் ஓடுகின்றன. மீட்டர் கேஜுக்கு அந்தக் குறை அவ்வளவு இல்லை. 1000 மி.மீ. எச்.ஓ.வில் 11.5 ஆகிறது, 12 மி.மீ. தண்டவாளம் விற்பனையில் இருக்கிறது. பெட்டியும் எஞ்சினும் நீயே செய்துகொள்ள வேண்டியிருக்கும், ஆனால் இடம் மிச்சம்.

பட்டறைப் பலகை

நான் வாழ்க்கைப்பட்டது விருத்தாசலத்தில், பீங்கான் பட்டறை நடத்துகிற வீட்டில். இருபத்தைந்து வருஷமாக உடைகிற சாமானோடு குடித்தனம். அகல் விளக்கு, பொம்மை, ஃப்யூஸ் கேரியர் என்று எது வார்த்தாலும் ஈரமாக இருக்கும்போது கை பட்டால் போச்சு. அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கமாட்டார்கள். நீளமான குறுகலான பலகையில் வரிசையாக அடுக்கி, பலகையோடு தூக்கி, ஆங்கிள் ரேக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிவிடுவார்கள். பத்துப் பலகை ஒரே ஆள் நிற்கிற இடத்தில் அடங்கிவிடும். வேண்டியதை உருவி எடுத்தால் மேலே இருப்பது ஆடக்கூட ஆடாது.

அதையே ரயிலுக்குச் செய் என்றேன். தம்பி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "லேஅவுட்டை வெட்டறதா?" என்றான். நேரில் பட்டறைக்குக் கூட்டிப்போய் ரேக்கைக் காட்டின பிறகுதான் சரி என்றான்.

எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று வாங்கு. ஈரம் தாங்குகிற 710 ப்ளையாக, 9 மி.மீ. கனத்தில். கடையிலேயே மிஷினில் அறுத்துத் தரச் சொல். நீளவாக்கில் ஓர் அடி ஓர் அடியாக நாலு கீற்று. பிறகு ஒவ்வொன்றையும் ஐந்தடி, மூன்றடியாக வெட்டு. நாலு நீளப் பலகை, நாலு குட்டைப் பலகை கிடைக்கும். அடியில் இரண்டு அங்குல ரீப்பரால் சட்டம் அடித்துவிடு, இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் வளையும். இப்படிச் செய்த ஐந்தடிப் பலகை ஐந்து கிலோ சுமாருக்குத்தான் வரும். பத்தாவது படிக்கிற பெண்ணே ஒரு முனை பிடிக்கலாம். முழு ஷீட்டை ஒரே பலகையாக வைத்திருந்தால் 12 மி.மீ. ப்ளை மட்டுமே 20 கிலோவுக்கு மேல் போகும். அதைத் தூக்கி நிறுத்த நாலு ஆண்பிள்ளை வேண்டும், தினமும் யார் வருவார்கள்?

பலகைக்கும் பலகைக்கும் நடுவே தண்டவாளம் மயிரிழை பிசகாமல் சேர வேண்டும். அதற்கு ஆணி கழற்றக்கூடிய கீல் வாங்கு. இரண்டு பலகையையும் மேஜைமேல் ஒட்டி வைத்து, பக்கத்துக்கு ஒரு கீல் அடித்துவிடு. கீலின் நடு ஆணியை உருவினால் பலகை பிரியும், செருகினால் அதே இடத்தில் வந்து உட்காரும். சேரும் இடத்தில் ரெயில் கம்பிகளுக்கு அடியில் நாலு பித்தளை ஸ்க்ரூ இறக்கி, அவற்றின் தலையில் ரெயிலைச் சால்டர் வைத்துவிடு. அதன் பிறகே இடைவெளியை மெல்லிய ரம்பத்தால் அறு. முதலில் அறுத்துவிட்டுப் பிறகு சேர்த்தால் வரவே வராது.

இப்போது வடக்குச் சுவரில் ஐந்தடி, ஐந்தடி, மூன்றடி, ஆகப் பதின்மூன்று அடி. சனி ஞாயிறில் ஆங்கிள் பிராக்கெட் மேல் மூன்றையும் கோத்துவிடுகிறான். மற்ற நாளில் ஒரே ஐந்தடிப் பலகை மட்டும் சுவரில், பாக்கி மாடிப்படிக்கு அடியில் ரேக்கில். ஒன்பது பெட்டியும் குட்டைப் பலகை ஒன்றின் மேல் கண்ணாடி போட்டு அலமாரி மாதிரி நிற்கிறது. ஓடாத நாளிலும் கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே, அதுவே அவனுக்குப் பெரிய திருப்தி.

கொலு வைக்கிற வீடானால் இன்னொரு யோசனை. ஸ்டீல் கொலுப்படி ஒன்பது நாள் கழிந்ததும் பரணுக்குப் போய்விடுகிறது. அதன் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய ஓர் அடி அகலம்தான். அம்மாவிடமோ மாமியாரிடமோ கேட்டு, அவர்கள் மனதார ஒத்துக்கொண்டால், மற்ற மாதங்களில் அதையே பலகை ரேக்காக வைத்துக்கொள். கேட்காமல் எடுக்காதே. நவராத்திரியில் நன்றிக்கடனாகக் கொலுவுக்குப் பக்கத்தில் பார்க் கட்டி ரயிலை ஓட்டிக் காட்டு. மணலில் கேழ்வரகு முளைக்க வைக்கிற பார்க்கில் மட்டும் தண்டவாளத்தைப் போடாதே. அந்த ஈரம் பாயிண்ட் மோட்டாருக்கு ஆகாது. பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூள் போதும்.

மாசி மகத்துக்கு எங்கள் ஊர் பூவராகர் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்படுகிற நாட்களில் எங்கள் வீட்டில் இருபது பேர் படுப்பார்கள். அன்றைக்கு மூன்று பலகையும் பத்து நிமிஷத்தில் ரேக்கில் ஏறிவிட்டது. அறையை மறித்து லேஅவுட் கட்டியிருந்தால் வந்த உறவுக்காரர்கள் திண்ணையில் படுத்திருப்பார்கள், அடுத்த நாளே ரயில்மேல் வீட்டில் எல்லோருக்கும் வெறுப்பு வந்திருக்கும்.

மற்ற இடங்கள்

சுவரே இல்லாத வீடாக இருக்கலாம், அதாவது எல்லாச் சுவரிலும் ஏதாவது இருக்கலாம். அப்போது:

கட்டிலுக்கு அடியில். தரைக்கும் கட்டில் சட்டத்துக்கும் ஓர் அடி இருந்தால் போதும். சக்கரம் வைத்த தட்டாகச் செய்து உருவி எடுக்கலாம். மலை, இரண்டு மாடிக் கட்டடம் எல்லாம் எட்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. என் ஸ்கேல் சுற்றுப் பாதைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

பழைய வீட்டு ஊஞ்சல் கொக்கி. ஊஞ்சலைக் கழற்றி வருஷக்கணக்காகியும் உத்தரத்தில் கொக்கி மட்டும் தொங்கும். நாலு மூலைக்கும் கயிறு கட்டி, கப்பி போட்டு, லேஅவுட்டை மேலே ஏற்றிவிடலாம். ஆசாரியைக் கூப்பிட்டு உத்தரம் உளுத்திருக்கிறதா என்று பார்க்காமல் செய்யாதே. மின்விசிறிக்கு நேரே வேண்டாம். கீழே குழந்தை தூங்குகிற இடமென்றால் இந்த யோசனையையே விட்டுவிடு.

சுவரில் மடக்குப் பலகை. கீல் வைத்து மேல்நோக்கி மடித்தால் சுவரில் ஆறு அங்குலம்தான் துருத்திக்கொண்டிருக்கும், அடிப்பக்கம் ஒரு படம் ஒட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் பெட்டிகளை எடுத்துவிட்டுத்தான் மடக்க வேண்டும் என்பது ஒன்றே தொந்தரவு.

மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறை இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். கத்திரி வெயிலில் அந்த ஷீட்டுக்கு அடியில் தண்டவாளத்தின் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் நெளிந்துவிடும். பரண்மேல் ஓட்டுக் கூரையை ஒட்டின மாதிரி வைப்பதும் அதே கதை. திண்ணையில் தூசும் வெயிலும். அடுப்படிக்குப் பக்கத்துச் சுவர், பூஜை அறைக்கு வெளியே உள்ள சுவர் இரண்டும் பார்க்கத் தோதாக இருக்கும். ஆனால் தாளிக்கிற எண்ணெய்ப் புகையும் விளக்குப் புகையும் ரெயில்மேல் மெல்லிய படலமாகப் படியும். சக்கரத்துக்கும் ரெயிலுக்கும் நடுவே 12 வோல்ட் கரண்ட் போகவேண்டும். படலம் படிந்தால் எஞ்சின் விக்கி விக்கி நிற்கும்.

ஐந்தடியில் என்ன ஓட்டுவது?

ஓர் அடிக்கு ஐந்தடிப் பலகையில் ரயில் எங்கே ஓடும், இப்படியும் அப்படியும் நகர்த்துவதுதானே என்று தம்பியே கேட்டான். இங்கிலாந்தில் ஆலன் ரைட் என்பவர் செய்த 'இங்கில்நுக் சைடிங்ஸ்' என்ற சின்ன லேஅவுட்டைப் பற்றிச் சொன்னேன். இரண்டே பாயிண்ட், மூன்று சைடிங். ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டில் மும்மூன்று. எஞ்சின் நிற்கிற பக்கத்தில் எஞ்சினும் மூன்று வேகனும் பிடிக்கிற அளவுக்கு இடம். மொத்தம் எட்டு வேகன். சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு ஐந்து வேகன்களை எடு. எந்த வரிசையில் சீட்டு வந்ததோ அதே வரிசையில் அந்த ஐந்தையும் ஒரு வண்டியாகக் கோக்க வேண்டும். கையால் தொடக் கூடாது, எஞ்சினால் ஷண்டிங் செய்துதான் சேர்க்க வேண்டும். எட்டில் ஐந்தை வரிசைப்படுத்தினால் 6720 விதமான வண்டி வரும். தினம் ஒன்று என்றாலும் பதினெட்டு வருஷத்துக்குக் காணும்.

நான்கு சக்கரக் குட்டி வேகனும் சின்ன ஷண்டிங் எஞ்சினும் வைத்தால் எச்.ஓ.வில் இது ஐந்தடிப் பலகையில் தாராளமாக அடங்குகிறது. என் ஸ்கேலில் மூன்றடிப் பலகையே போதும். எங்கள் வீட்டில் அந்தப் பத்தாவதுப் பெண் இதில் அப்பாவை முந்திவிட்டாள். சாயங்காலம் புத்தகத்தை மூடினதும் அரை மணி நேரம் சீட்டுக் குலுக்கல். அவள் அம்மாவும் இப்போது பாயிண்ட் போடுகிறாள்.

பெரிய லேஅவுட் பார்க்கிற ஆசையை வீட்டில் தீர்த்துக்கொள்ளாதே, போய்ப் பார்த்துவிட்டு வா. சென்னையில் ஐ.சி.எஃப். அருகே ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. புனேயில் கோத்ருட் பகுதியில் ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் ஆசையாகச் செய்த மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் 1998-ல் திறந்தது. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து மினியேச்சர் வுண்டர்லாண்ட் 2001-ல் தொடங்கி, இன்று தண்டவாளம் மட்டுமே 15 கிலோமீட்டருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். அவையெல்லாம் ரயிலுக்கென்றே ஒதுக்கிய கூடங்கள். அங்கே பார்த்ததைக் குடியிருக்கிற வீட்டில் செய்ய முயன்றால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

ஐப்பசி வந்தால்

நம்ம கடலூர் மாவட்டத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்தது. அம்மா துணிபோட்டுக் கட்டி வைத்திருந்த கொலுப் பொம்மைகளில் மண்பொம்மை எல்லாம் கரைந்து ஒரே சேறு. பீங்கான் மட்டும் தப்பியது. அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். கீழே வைக்கிற எதுவும் தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் இருக்கும், மேலே வைக்கிற எதற்கும் தார்ப்பாய் கையெட்டும் தூரத்தில் இருக்கும். ரயில் ரேக்கின் கடைசித் தட்டையும் அப்படியே காலியாக விட்டிருக்கிறோம்.

பலகையை பாலிதீன் போட்டு மூடாதே. உள்ளே வியர்த்து ரெயில் கறுத்துவிடும். பழைய பாலியெஸ்டர் சேலை நல்லது, பஞ்சு உதிராது, பல்லி எச்சமும் உள்ளே இறங்காது. எலி கடிக்கிற வீடானால் வயரைச் சட்டத்துக்கு அடியில் குழாய்க்குள் விடு. ரெயிலைச் சுத்தம் செய்ய மருந்துக் கடையில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கேட்டு வாங்கி, பருத்தித் துணியில் நனைத்துத் துடை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். மழைக்காலத்தில் மரம் ஊதும், கோடையில் சுருங்கும், அதனால் தண்டவாளத் துண்டுகளை நெருக்கிப் போடாமல் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடு.

தண்டவாளத்துக்கு நடுவே போட ஜல்லி வேண்டுமென்று வெள்ளாற்று மணலைச் சலித்து எடுத்துவந்தான் தம்பி. நல்ல மணல்தான். ஆனால் அதில் இரும்புத் துகள் உண்டு. ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலுக்குள் நாலு தடவை ஓட்டினால் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். அது போகாமல் போட்டால் எஞ்சின் மோட்டாருக்குள் ஏறி ஒரே மாதத்தில் கெடுத்துவிடும். காய வைத்த தேயிலைத் தூள் செம்மண் தரைக்கு அச்சு அசலாக இருக்கிறது, பீர்க்கங்கூட்டைக் கத்தரித்துச் சாயம் தோய்த்தால் வேலிமரம். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை அழகுதான், அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் நிறுத்தாதே. எச்.ஓ.வில் ஆள் உயரம் இரண்டே செ.மீ. பக்கத்தில் ஒரு சாண் பொம்மை நின்றால் வண்டி காணாமல் போய்விடும்.

பெட்டியை இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிற தம்பிக்கும் தங்கைக்கும் ஒன்று சொல்கிறேன். இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டதும் வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் கூடத்துக்குக் கூப்பிடு. பெட்டியைத் திற. ஒரு ரயில் பெட்டியை எடுத்து அம்மா கையிலும் ஒன்றை மனைவி கையிலும் கொடு. பிறகு கோலமாவைக் கேள்.